நெட்டி முறித்ததும் முறிக்காததும்

விரல்களில் நெட்டி முறிக்கும் பழக்கம் எனக்கு எந்த வயதில் தொடங்கியது என்று ஞாபகமில்லை. பெரியகல்லாற்றில் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி மனைவியின் வீட்டில் குடியேறியபோது அது நன்றாக ஊறிப்போயிருந்தது. கடிதங்களும் விண்ணப்பங்களும் தட்டச்சுச் செய்து கொடுக்கும் சிறிய கடை என்னுடையது. நாள் முழுவதும் விசைப்பலகையில் இருந்தால் விரல்கள் இறுகிவிடும். வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்ததும் வலது பெருவிரலில் தொடங்கிப் பத்தையும் முறிப்பேன். பிறகு கழுத்தை இடமும் வலமும் திருப்பி இரண்டு சத்தம். அதற்குப் பிறகுதான் அன்றைய வேலை முடிந்தது போலிருக்கும்.

மாமிக்கு அந்தச் சத்தம் ஆகாது. ஆனால் அவர் என்னோடு நேரே பேசுவதில்லை. மருமகனுக்கு மாமி கொடுக்கும் மரியாதை அது. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பேன்.

“புள்ள, நெட்டி முறிக்கிற வீட்டில சீதேவி தங்காது எண்டு சொல்லு. மறுகா வயசு போகக்குள்ள விரலெல்லாம் முடங்கிப்போகும். வாதம் வந்தா ஆர் பாக்கிற?”

“கேட்டீங்கதானே?” என்பாள் மனைவி, பாடக்கொப்பிகளைத் திருத்திக்கொண்டே. அவள் பள்ளிக்கூட ஆசிரியை.

“கேட்டன். விடுறன் எண்டு சொல்லு.”

இப்படிப் பதினொரு வருடம் போனது. நான் விடவுமில்லை, மாமி சலிக்கவுமில்லை.

போன வருடம் பொங்கலுக்கு முதல் வாரம் முடி வெட்டப் போனேன். வேலை முடிந்ததும் சலூன்காரர், “அண்ணன், கழுத்தையும் எடுத்து விடட்டா?” என்றார். தினமும் நானே செய்வதுதானே என்று தலையைக் கொடுத்தேன். அவர் தாடையைப் பிடித்து ஒரே வெட்டாகத் திருப்பினார். நான் முறிக்கும்போது ஒருநாளும் வராத பெரிய சத்தம் வந்தது. அடுத்த நாள் காலை கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இடது தோளிலிருந்து சுண்டுவிரல்வரை விறைத்துப்போயிருந்தது. கடையில் ஒரு கடிதத்தின் முதல் வரியை நான்கு முறை அடித்து நான்கு முறையும் அழித்தேன். மாமி சொன்னது பலித்துவிட்டது என்று உண்மையாகவே பயந்தேன். விரல் போனால் எனக்குத் தொழில் ஏது?

மனைவிக்கு அன்று லீவு எடுக்க முடியவில்லை. மாமி சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

“நானும் போறன் எண்டு சொல்லு. டொக்டர் சொன்னாலாவது கேக்கட்டும்.”

ஓட்டோவில் நாங்கள் இருவரும்தான். இடையில் பேச்சைக் கொண்டுபோக மகள் இல்லை. பாதையில் ஒரு பள்ளம் வந்ததும் மாமி ஓட்டோக்காரரின் முதுகைத் தட்டினார்.

“தம்பி, மெல்லமா போங்க. பின்னுக்கு இருக்கிறவருக்குக் கழுத்து ஏலா. கம்பியப் பிடிச்சிக்கொண்டு இருக்கச் சொல்லுங்க.”

ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

டொக்டர் ஓர் இளம்பெண். கழுத்தையும் கையையும் நன்றாகச் சோதித்தார். தசை பிடித்திருக்கிறது, நரம்பும் கொஞ்சம் அழுந்தியிருக்கிறது, மருந்தில் மாறிவிடும் என்றார். “இனி ஒருத்தரிட்டயும் கழுத்தக் குடுக்காதீங்க. அது ஆபத்தான வேலை.”

மாமி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “விரலையும் கேளுங்க டொக்டர். விடிஞ்சா பொழுதுபட்டா நெட்டி முறிக்கிறதுதான் வேலை.”

டொக்டர் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். “நோவு இருக்கா? வீங்கிறதா?” இரண்டும் இல்லை என்றேன். “அப்ப பயமில்ல. மூட்டுக்குள்ள எண்ணெய் மாதிரி ஒரு தண்ணி இருக்கு. இழுக்கக்குள்ள அதில காத்துக் குமிழி உண்டாகிறதாலதான் சத்தம். எலும்பு உரசுறதில்ல. இதால வாதம் வரும் எண்டதுக்கு ஆதாரம் ஒண்டும் இல்ல.”

வெற்றி எனக்குத்தான். ஆனால் சந்தோசப்பட நேரம் கிடைக்கவில்லை. டொக்டர் மாமியின் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கைப்பையைப் பிடித்திருந்த கைகளை நானும் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். விரல் மூட்டுகள் உருண்டு வீங்கியிருந்தன.

“அம்மா, நீங்களும் நெட்டி முறிக்கிறனீங்களா?”

“நானோ?” மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. “இந்தக் கையால ஒருநாள் முறிச்சதில்ல.”

“காலையில எழும்பினா விரல் எவ்வளவு நேரம் இறுகியிருக்கும்?”

மாமி சுவரைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “ஒரு மணித்தியாலம் வரும். ரெண்டு வருசமா,” என்றார்.

அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் அவர் எங்களுக்கு இடியப்பம் பிழிவார். ஒருநாள் இடியப்பம் தடித்துவிட்டது என்று நான் குறை சொன்னது நினைவுக்கு வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். கழுத்து நோவில் அதுவும் சரியாகக் குனியவில்லை.

டொக்டர் இரத்தப் பரிசோதனைக்குத் துண்டு எழுதினார். மூட்டுவாதமாக இருக்கலாம், மட்டக்களப்பில் பெரிய டொக்டரிடம் காட்ட வேண்டும் என்றார்.

திரும்பி வரும்போது மாமி ஓட்டோக்காரரின் முதுகைத் தட்டவில்லை. பாலத்தில் ஏறியபோது என் பக்கம் திரும்பினார்.

“மருமகன், உங்களுக்கு மெய்யாவே விரல் நோகிறல்லையா?”

பதினொரு வருடத்தில் என்னிடம் நேரே கேட்ட முதல் கேள்வி அது. இல்லை என்று கையைக் காட்டினேன்.

“முந்தி சத்தத்துக்குத்தான் ஏசினன். எனக்கு நோகத் தொடங்கினதுக்குப் பிறகு, நீங்க முறிக்கிற சத்தம் கேட்டா நெஞ்சு திக்கெண்ணும். இந்த நோவு உங்களுக்கும் வரப்போகுதெண்டுதான் ஏசினன். சீதேவிக்கதை சும்மா.”

“எங்களிட்ட ஏன் மாமி சொல்லல்ல?”

“சொன்னா அடுப்படியில நிக்க விடுவீங்களா?”

அடுத்த நாள் காலை இடியப்பம் பிழிகிற உரலை நான் கையில் எடுத்தேன். மாமி விடவில்லை. மனைவி வந்து, “அம்மா, அவருக்குத்தான் நல்ல விரல் எண்டு டொக்டரே சொல்லிற்றாவே,” என்றாள். மாமி சிரித்துக்கொண்டு உரலைத் தந்தார். என் முதல் இடியப்பம் கயிறு மாதிரி வந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

என் கழுத்து மூன்று கிழமையில் சுகமானது. மாமிக்கு வந்தது மூட்டுவாதம்தான் என்று பரிசோதனை சொன்னது. மாதம் ஒருமுறை மட்டக்களப்பு கிளினிக்குக்குப் போய்வருகிறோம். மருந்தில் வீக்கம் பெரும்பாலும் வற்றிவிட்டது. ஒரு விரல் மட்டும் கொஞ்சம் வளைந்தே இருக்கிறது. அது நிமிராது என்று டொக்டர் சொல்லிவிட்டார், மாமியும் அதை ஏற்றுக்கொண்டார்.

கிளினிக்கில் காத்திருக்கிற வாங்கில் மாமிக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறார். பனிச்சங்கேணியிலிருந்து வருகிற மீன்காரம்மா, அவருக்கும் இதே நோய்தான். இந்த வருடம் ஆடி அமாவாசைக்கு அமிர்தகழிக் கோயில் தீர்த்தத்தில் சந்திப்பதென்று இரண்டு பேரும் போனிலேயே பேசி முடித்திருந்தார்கள். தீர்த்தமாடிவிட்டு, ஈரத் தலையோடு கச்சான் கடலைக் கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மீன்காரம்மா கச்சானை உடைக்க, மாமி தோலை ஊதிவிட்டு வாயில் போட்டார். எனக்கும் ஒரு கை தந்தார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்குப் பக்கத்திலேயே நின்று தின்றேன்.