கயல் எழுதாத கணக்குகள்

எங்கள் தி.நகர் பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டும் தனபாலன் அதிர்ந்து பேசாதவர். மந்தைவெளியில் நான்காம் வகுப்பு படித்த அவர் மகள் கயலும் அப்படித்தான். சேட்டை கிடையாது, சண்டை கிடையாது. ஆனால் கணக்குத் தேர்வில் முதல் கணக்கை மட்டும் முத்து முத்தாகப் போட்டுவிட்டு, மீதித் தாளை வெறுமையாகக் கொடுத்திருந்தாள்.

"நல்ல பொண்ணு சார். படிக்கத்தான் சோம்பல்" என்றார் வகுப்பாசிரியை நீரஜா.

வீடு திரும்பும் வழியில், நடைபாதை விளிம்பில் தாவித் தாவி வந்த மகளிடம் அதே கணக்குகளை வாய்வழியே கேட்டார் தனபாலன். அத்தனைக்கும் சரியான விடை வந்தது.

"அப்புறம் ஏம்மா எழுதல?"

"எழுதணும்னுதான்பா இருந்தேன். ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கினே இருந்தேனா, பெல் அடிச்சிட்டாங்க."

இது சோம்பல் இல்லை என்று அவருக்குப் பட்டது. கடைக்கு லீவு சொல்லிவிட்டு ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். மருத்துவர் அப்பா, மகள் இருவரிடமும் நிதானமாகப் பேசினார், பள்ளியிலும் விசாரித்தார். பிறகு, இது ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைபாடு என்றார். இதே குறைபாட்டோடு ஓடிக் குதிக்கும் பிள்ளைகள் கண்ணில் பட்டுவிடுவார்கள், இவளைப் போல அமைதியான பெண்களைத்தான் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம் என்றார்.

தனபாலனின் அண்ணன் கோதண்டபாணிக்கு இது பிடிக்கவில்லை. "நாலு பேருக்குத் தெரிஞ்சா இன்னாடா பேசுவாங்க?"

"அந்த நாலு பேருமா வந்து இவளுக்குப் பரீட்சை எழுதப் போறாங்க?"

அவர் அண்ணனிடம் எதிர்த்துப் பேசியது அதுவே முதல் தடவை.

நீரஜாவிடம் அவர் சண்டைக்குப் போகவில்லை. முன் பெஞ்சு கேட்டார். இரண்டிரண்டு கணக்காகக் கொடுக்கச் சொன்னார், நடுவில் எழுந்து நடக்கவும் அனுமதி கேட்டார். தயங்கினாலும் நீரஜா ஒத்துக்கொண்டார். வீட்டில் கயல் நின்றுகொண்டே படித்தாள். சில நாள் தனபாலனுக்கு எரிச்சல் தலைக்கேறும். அப்போதெல்லாம் தெருமுனைவரை நடந்துவிட்டு வருவார். இவ்வளவும் போதாமல் மருத்துவர் மாத்திரை எழுதியபோது பயந்தார். சந்தேகங்களையெல்லாம் கேட்டுத் தெளிந்த பிறகே கொடுத்தார்.

ஆண்டுத் தேர்வில் கயல் கடைசிக் கணக்குவரை போட்டாள். தண்ணீர் பாட்டிலை மட்டும் இன்றும் எங்காவது விட்டுவிட்டுத்தான் வருகிறாள்.

போன மாதம் நீரஜா அவரைக் கூப்பிட்டார். "கிளாஸ்ல கயல் மாதிரியே ஒரு பையன் இருக்கான் சார். அவங்கம்மா ரொம்ப பயப்படுறாங்க. நீங்க கொஞ்சம் பேசுறீங்களா?"

தன் வார விடுமுறையில் போய்வந்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"டாக்டராண்ட நானும் கூட வரேன்னு சொன்னேன்" என்றார்.