வியாபாரியின் வெறும் சட்டைக்கை

றோசா அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் துணியை வைத்துப் பொய் சொல்வதில் அவரை வெல்ல ஆளில்லை. மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் நாடக உடுப்புத் தைக்கும் கடையொன்றில் வேலை. நைலோனைப் பட்டாக்குவார், கம்பளியைக் கரடித்தோலாக்குவார்.

அவருடைய கணவர் அல்பேட் அண்ணை மன்னாரில் பெயர்போன கூத்துக்காரர். மொன்றியல் வந்த பின்னும் எங்கள் தேவாலயப் பங்குக் கூத்தில் அவர்தான் ராசா. 2003இல் தொழிற்சாலை மெஷின் ஒன்று அவருடைய இடது கையைக் கொண்டுபோனது. அதோடு பாட்டும் போயிற்று. கோட்டின் வெறும் கையைப் பொக்கற்றுக்குள் செருகி ஊசி குத்திக்கொண்டு, பூசையில் கடைசி வாங்கில் ஒதுங்கியிருப்பார். பார்க்க எனக்கு ஆத்திரமாகவும் இருக்கும், அழுகையும் வரும்.

இரண்டு வருடம் கழித்து, கூத்துப் பழக்கும் டனிஸ்ரன் அண்ணாவியார் அவரைத் தேடி வீட்டுக்கே வந்தார். புதிய கூத்தில் ஒரு புனிதரின் தகப்பன், பழைய இத்தாலியின் துணி வியாபாரி. அந்த வேடத்துக்கு அல்பேட் வேண்டும் என்றார்.

"கை வீசி ஆடாமல் என்ன கூத்து? சனம் பாட்டைக் கேளாது, என்ரை கையைத்தான் பாக்கும்," என்று அல்பேட் அண்ணை மறுத்துவிட்டார்.

அடுப்படியில் நின்ற றோசா அக்காவுக்கு அது கேட்டது. அந்த வாரம் கடையில் அவர் தைத்துக்கொண்டிருந்ததும் அதே காலத்து வியாபாரியின் மேலங்கிதான். கறுப்பு வெல்வெற், விளிம்பில் மயிர்த்தோல், கால்வரை நீளம். சட்டைக்கை இன்னும் விசேசம். மேலே ஒரு கீறல் இருக்கும். அதன் வழியே கையை வெளியே எடுத்துவிட, சட்டைக்கை முழுவதும் வெறுமனே தொங்கும். அந்தக் காலத்துப் பணக்காரருக்கு அதுதான் எடுப்பு!

முதலாளியிடம் கேட்டு மிச்ச வெல்வெற்றை வாங்கி, இன்னொன்று தைத்துக் கொண்டுவந்தார்.

"இஞ்சேருங்கோ, போட்டுப் பாருங்கோ. ரண்டு சட்டைக்கையும் சும்மாதான் தொங்கும்."

அல்பேட் அண்ணை கண்ணாடிக்கு முன்னால் கொஞ்சம் ஆடிப் பார்த்தார். பிறகு மெல்லப் பாடினார். றோசா அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

கூத்தன்று அல்பேட் அண்ணை சுழன்ற சுழற்சிக்கு அந்த இரண்டு சட்டைக்கைகளும் பறந்தன. மண்டபமே எழும்பி நின்று கை தட்டியது.

முடிந்து வெளிக்கிடும்போது வாசலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. றோசா அக்கா வழக்கம்போலக் கணவரின் கோட்டுக் கையை மடித்து ஊசியை எடுத்தார்.

"குத்தாதையப்பா," என்றார் அல்பேட் அண்ணை. "அது ஆடட்டும்."

வெறும் கை காற்றில் ஆடிக்கொண்டு போனது. றோசா அக்கா அதைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.