கூப்பிட்டும் எழுந்திருக்காதவர்

யுத்த காலத்தில், ரேஷன் ஆபீஸ் குமாஸ்தா வேலைக்கான இன்டர்வியூவுக்கு அரியலூரில் ரயிலேறித் திருச்சிக்குப் போனேன். எதிரே உட்கார்ந்திருந்தவரும் அதற்குத்தான் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒல்லி உடம்புக்குப் பெரிய கோட்டு. பேசும்போதெல்லாம் அதன் மேல் பொத்தானைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்.

அந்த வேலைக்கு இருந்தது ஒரே இடம். ஆனாலும் வழிநெடுக அவர் அதிகாரி மாதிரிக் கேள்வி கேட்டு, என் பதில்களைத் திருத்திக்கொண்டே வந்தார்.

"வூட்டுக் கஷ்டத்தைச் சொல்லாதீங்க தம்பி. என்ன வேலை தெரியும்னு மட்டும் சொல்லுங்க."

ஆபீசில் முதலில் அவரைத்தான் கூப்பிட்டார்கள். பியூன் மூன்று தரம் பெயரைச் சொல்லியும் அவர் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து என் பெயர் வந்தது. ரயிலில் அவர் கேட்ட கேள்விகளையே உள்ளேயும் கேட்டார்கள். வேலை எனக்குக் கிடைத்தது.

வெளியே காத்திருந்தார். "சரியாச் சொன்னீங்களா?"

"சொன்னேங்க. நீங்க ஏன் வரல?"

"பதில் எல்லாம் தெரியும் தம்பி. கூப்பிட்டதும் காலு வரல. எப்பவும் இப்படித்தான்."

அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போயிருக்கலாம். ஏன் செய்யவில்லை என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.