போக ஆறே முக்கால், வர ஒன்றே முக்கால்

மேசைக்கடியில் கிடந்த முருங்கைச் சக்கையைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, சொர்ணவல்லி அடுத்த இலைக்குச் சோறு வைக்கிறார். விளக்குமாறு கைக்கெட்டும் தூரத்தில்தான் சாய்ந்திருக்கிறது. தொடமாட்டார். மகன் பாண்டிமுருகன் இன்று காலை பத்து மணிக்குத் திருச்சியில் சிங்கப்பூர் விமானம் ஏறிவிட்டான். பயணம் போனவர் போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டக் கூடாது. காரைக்குடி செக்காலை ரோட்டில் இந்தச் சாப்பாட்டுக் கடைதான் அவருக்கு வீடும்.

"இவுக மகன் பறக்குறதுக்கு நாம குப்பையில உக்காந்து திங்கணுமாக்கும்" என்றார் எலக்ட்ரீசியன் இராமு.

"அங்குட்டு வேற கடை இருக்கு. போறீகளா, ரசம் ஊத்தவா?"

இராமு ரசம் வாங்கிக்கொண்டார்.

டிக்கெட்டில் பார்த்து சொர்ணவல்லி தெரிந்துகொண்ட கணக்கு இது: போக ஆறே முக்கால் மணி நேரம், வர ஒன்றே முக்கால். "போகையில மனசில்லாமப் போகுது தம்பி. வாரையில வீட்டு நெனப்புல வருது." என்னிடம் விமானத்தைத்தான் சொல்கிறார்.

போன வருடம் இதே விமானத்தில் போன பாண்டிமுருகனை, இறங்கியதும் தாளில் ஏதோ குறை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏஜெண்டை இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று மூன்று மணிக்கு மருமகள் நிவேதா கடையைக் கூட்டியிருந்தாள். "புள்ள வானத்துல இருக்கையில கூட்டிப்புட்டா" என்று சிலிண்டர் போட வருகிறவரிடம்கூடச் சொல்வார். அதிலிருந்து நிவேதா விளக்குமாற்றைத் தொட்டதில்லை. தொட விட்டதில்லை.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். வேலை தேடிக்கொண்டிருப்பதால் மதியம் இங்கே சாப்பிட நேரம் இருக்கிறது. விமானம் ஏறியதில்லை. ஏறாத விமானத்துக்குக் கணக்குச் சொல்லலாமா என்று ரசம் முடியும்வரை யோசித்தேன். பிறகு சொன்னேன்: டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் போட்டிருக்கும், அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, இடையில் மூவாயிரம் கிலோமீட்டர், போகவும் வரவும் நாலேகால் மணி நேரம்தான்.

சொர்ணவல்லி கரண்டியோடு நின்றார். "அப்ப வாரதுக்கும் நாலேகாலா?"

"ஆமாக்கா."

"அது ஒன்னே முக்காலாவே இருக்கட்டும். போறத மட்டும் கொறச்சுக்கிறேன்."

பிறகு விரல் விட்டு எண்ணினார். "பத்து மணிக்கு ஏறுனா..."

"ரெண்டேகாலுக்கு இறங்கிரும்."

"போன வருசம் நான் கூட்டுனது மூணு மணிக்கு, அத்தை" என்றாள் நிவேதா, அண்டா தேய்ப்பதை நிறுத்தாமல்.

சொர்ணவல்லி எனக்கு மோர் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில், கேட்காமலே மறுபடியும் ஊற்றினார்.

பாண்டிமுருகன் தங்கும் இடம் போய்ச் சேர்ந்து இரவில்தான் பேசுவான். சுவர்க் கடிகாரம் ரெண்டேகாலைத் தாண்டியது. சொர்ணவல்லி உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ரெண்டரை வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் விளக்குமாற்றை எடுத்து, அடியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிச் சீராக்கி, நிவேதாவிடம் நீட்டினார்.