அம்மாள் வந்ததென்று வேப்பிலை தந்தார்கள்

மூன்று வருடங்களுக்கு முன், வைகாசிச் சடங்கு நேரம். மட்டக்களப்பு வாவிக்கரையில் எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் கால் வைக்க இடமில்லை. பறை முழங்க முழங்க, என் நெஞ்சு அதைவிட வேகமாக அடித்தது. கை நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது. இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்தே இப்படித்தான். தின்னத் தின்ன மெலிந்தேன். கண்கள் பிதுங்கி, தூக்கத்திலும் முழுதாக மூடவில்லை. பிள்ளை வளர்க்கும் களைப்பு என்றே நினைத்திருந்தேன்.

பக்கத்தில் நின்ற பெண் என் முகத்தைப் பார்த்தாள். "அம்மாள் வந்திட்டாகா!" என்று ஒரே கத்து! என் மேல் சாமி இறங்கிவிட்டதென்று கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். ஒரு தாய் கும்பிட்டபடி, "தாயே, என்ட மகளுக்கு எப்ப கலியாணம் நடக்கும்?" என்று கேட்டா. ஐயோ, எனக்கென்ன தெரியும்! தலை சுற்றுகிறது என்று சொல்லக்கூட மூச்சு வரவில்லை.

நான் சரியப்போவதைக் கண்டு என் கணவர் கூட்டத்தை விலக்கி வெளியே கூட்டி வந்தார். காப்பு, வளையல் கடை போட்டிருந்த காத்தான்குடி முஸ்லிம் அக்கா, எங்களுக்கு ராத்தா, ஓடி வந்து என்னை ஸ்டூலில் இருத்தி, சோடா தந்தா. என் கண்ணையே பார்த்தா. பிறகு முக்காட்டை விலக்கித் தன் கழுத்துத் தழும்பைக் காட்டினா.

"எனக்கும் இப்பிடித்தான்கா இருந்த. தைரொயிட். நாளைக்கே ஆசுபத்திரிக்குப் போ புள்ள, கண்ண உட்டுராத!"

"சாமி காரியத்தில இவக்கென்ன தெரியும்?" என்று என் கணவர் முணுமுணுத்தார். நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. விடிந்ததும் இவரையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

இரத்தப் பரிசோதனையில் அதேதான்! உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே தைரொயிட்டோடு மல்லுக்கு நிற்கிறதாம், கண்ணின் பின்புறமும் வீங்குகிறதாம். இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது என்றார் டொக்டர். பரம்பரையாக இருக்கலாம், என் சின்னம்மாவுக்கும் கழுத்தில் கழலை இருந்தது. பிள்ளைப்பேறு, மனக்கவலைகூடத் தூண்டிவிடலாமாம். கவனிக்காமல் விட்டால் பார்வைக்கே ஆபத்து என்றபோது எனக்கு உயிரே போனது. "சிகரெட் புகை கண்ணை இன்னும் மோசமாக்கும். வீட்டில ஆர் பத்திற?" என்று கேட்டார். இவர் அண்ணாந்து கூரை முகட்டைப் பார்த்தார்!

வெளியே வந்ததும் சிகரெட் பெட்டியைக் கசக்கி எறிந்தார். "இனித் தொடமாட்டன்கா" என்றார். தொடவுமில்லை. மருந்தோடு என் கண்ணும் மெல்ல மெல்லத் தணிந்தது.

இப்போது எந்தப் பெண்ணாவது "சும்மா களைப்புத்தான்" என்றால், அவள் கண்ணை உற்றுப் பார்க்காமல் நான் விடுவதில்லை. கோபித்து என்னை முறைத்தாலும் பரவாயில்லை, முறைப்பதற்கும் அவளுக்குக் கண் வேண்டுமே!