ரஹ்மத் வரைந்த கடைத்தெரு

தொப்பூர் கணவாயில் ஒரு லாரி பழுதாகி நின்றதால் எங்கள் பஸ் நகரவில்லை. அப்போதுதான் என் தோழி ரஹ்மத்தின் மகள் போன் செய்தாள். "அம்மா போயிட்டாங்க டீச்சர்" என்றாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்த ரஹ்மத், திங்கட்கிழமை வூட்டுக்கு வந்துடுவேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். "பஸ் நிக்குதும்மா, வந்துடறேன்" என்றேன். பக்கத்து சீட்டுப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டிய பிறகுதான் நான் அழுவதே எனக்குத் தெரிந்தது.

தர்மபுரி கடைத்தெருவில் வளையல் போட்டுக்கொண்டவர்களுக்கெல்லாம் ரஹ்மத்தைத் தெரியும். கை வலி தெரியாமலிருக்க ஏதாவது கேலி பேசிக்கொண்டே வளையலை ஏற்றிவிடுவாள். அவள் படம் வரைவாள் என்பது பலருக்குத் தெரியாது. ஐம்பதைத் தாண்டிய பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கற்றுக்கொண்டோம். ஞாயிறு மதியம், அவளுடைய வளையல் கடையின் பின்னறையில் உட்காருவோம். செல்போன்தான் வாத்தியார்.

ஒரு வீடியோவில் இரவு நேர நகரத் தெரு வந்தது. கட்டடங்கள் சாய்ந்திருந்தன. வானம் பச்சை, தார் ரோடு ஊதா. கண்ணுக்குத் தெரிவதை விடுங்கள், மனசுக்குப் பட்டதைப் போடுங்கள், அதுதான் எக்ஸ்பிரஷனிசம் என்றார் அதில் பேசியவர். நான் கணக்கு டீச்சர், எரிச்சலாக வந்தது. "தார் ரோட்டுல ஊதா எங்கிருந்து வந்துச்சு? குடிச்சுட்டுப் போட்டானா?" என்றேன்.

"உங்க மனசுல எதுவுமே படாதா டீச்சர்? பரீட்சை பேப்பர் மட்டுந்தானா?" என்று சிரித்தாள் ரஹ்மத்.

இருவருமே எங்கள் கடைத்தெருவை எடுத்துக்கொண்டோம். என் படத்தில் எல்லாக் கடைகளும் நேராக, லட்சணமாக, உயிரில்லாமல் நின்றன. அவள் படத்தில் கடைகள் ரோட்டின்மேல் கவிழ்ந்து வந்தன. தெருவிளக்குகள் சிவப்பாகக் கரைந்து வழிந்தன. அவளுடைய கடைப் போர்டே விழப்போவதுபோல் சாய்ந்திருந்தது.

கடைக்குப் பெயின்ட் அடித்தபோது அந்தப் படத்தைக் கல்லாவுக்கு மேலே மாட்ட ஆசைப்பட்டாள். கணவரின் அண்ணன் பார்த்துவிட்டு, "கடை விழுற மாதிரி கெடக்குதேம்மா. வியாபாரம் பண்ற எடம். போர்டையாச்சும் நேராக்கிடு" என்றார். ஊர் வம்பு எதற்கென்று நானும், "ஒரு போர்டுதானே, நிமித்திடேன்" என்றேன்.

ரஹ்மத் கோபப்படவில்லை. "நேராக்கினா பொய்யாயிடும் டீச்சர். அன்னிக்கு எனக்கு இப்படித்தான் தெரிஞ்சுது."

"என்னிக்கு?" என்று கேட்டவர் அவள் கணவர் பாஷா.

"உங்களுக்கு நெஞ்சுவலி வந்தப்ப. ராத்திரி ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குப் போனோமே."

பாஷா படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "வழியெல்லாம் என்னைக் கிண்டல் பண்ணிக்கிட்டே வந்தியே. நீ பயப்படவே இல்லைன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

"நானும் அழுதா உங்களை யாருங்க பாக்குறது?" என்றாள்.

பாஷாவே ஸ்டூலைப் போட்டு ஏறி, கல்லாவுக்கு மேலே ஆணி அடித்தார். படம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அடக்கமெல்லாம் முடிந்து கடையைத் திறந்துவிட்டார்கள். வருகிறவர்களுக்கு மகள் வளையல் போடுகிறாள். ரஹ்மத்தின் பிரஷ்களை எனக்கே கொடுத்துவிட்டார்கள். ஆனால் அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, மனசுக்குப் பட்டதை நிமிர்த்தாமல் போடும் துணிச்சலைத்தான். போன ஞாயிறு தனியாக உட்கார்ந்து அதே தெருவை மறுபடி வரைந்தேன். சாயங்காலமானால் ரஹ்மத்தின் கடையில்தான் முதலில் விளக்கு எரிகிறது. என் படத்தில் அந்தக் கடை மட்டும் இருட்டாக இருக்கிறது.