அக்கா எறிந்த செங்கற்கள்

தடித்த தோல் கையுறைக்குள் பந்து வந்து விழும்போது "டொப்" என்று ஒரு சத்தம் வரும். வெயிலில் காய்ந்த செங்கல் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வந்து உட்காரும்போது கேட்குமே, அதே சத்தம். போன ஞாயிற்றுக்கிழமை காலை, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளி மைதானத்தின் வேப்பமரத்தடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த என்னை அந்தச் சத்தம் எங்கேயோ தூக்கிக்கொண்டு போய்விட்டது.

என்னைத் தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்றைக்குத் திருமுடிவாக்கத்தில் என் பட்டறையில் கேட்டும் கிரில்லும் கூரை இரும்பும் தயாராகின்றன. ஜிஎஸ்டி ரோட்டில் பெருங்களத்தூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை போய்ப் பாருங்கள், வழியில் நிற்கிற ஷெட்டுகளில் பாதிக்கு இரும்பு ஏற்றியவன் நான்; மீதிப் பாதிக்கு ஏற்றியவர்கள் என்னிடம் வேலை பழகியவர்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த மைதானத்தில் என் பெருமை ஒன்றும் செல்லுபடியாகவில்லை. என் மகள் வயிற்றுப் பேத்தி ஜெனி, எட்டாவது படிக்கிறவள், காரிலிருந்து இறங்கும்போதே சொல்லிவிட்டாள்: "தாத்தா, அங்க வந்து உன் கதையெல்லாம் ஸ்டார்ட் பண்ணிடாத, ப்ளீஸ். சும்மா உக்காரு, போதும்."

ஜெனி சாஃப்ட்பால் ஆடுகிறாள். பேரில்தான் சாஃப்ட், பந்து ஒரு பெரிய மாதுளம்பழம் அளவு, பட்டால் அன்றைக்கு முழுக்க ஞாபகம் இருக்கும். ஒருத்தி கையைக் கீழாகச் சுழற்றி வீசுவாள், ஒருத்தி கட்டையால் அடிக்கப் பார்ப்பாள், அவளுக்குப் பின்னால் முகமூடியும் மார்புக் கவசமும் மாட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்திருப்பவள் கேட்சர். அந்த இடம்தான் ஜெனியின் இடம். கொஞ்ச நாளைக்கு முன்னால் தரையில் பட்டுத் துள்ளிய பந்து ஒன்று கவசத்துக்கு மேலே ஏறி, கழுத்துக்குக் கீழே அவள் காறை எலும்பில் அடித்துவிட்டது. எலும்புக்கு ஒன்றும் இல்லை, கண்ணுக்குத்தான் வியாதி. அன்றிலிருந்து பந்து கிட்டே வந்தால் அதுவாக மூடிக்கொள்கிறது. அதற்காகத்தான் கேட்சர்களுக்கென்று நடந்த அந்த ஒருநாள் பயிற்சிக்கு அழைத்துப் போயிருந்தேன். மாவட்ட அணித் தேர்வுக்குப் போகிற கேட்சர் யார் என்பதும் அன்றைக்கே முடிவாகும் என்று சொல்லியிருந்தார்கள்.

பயிற்சி கொடுத்தது தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண். ஜெனி வரிசையாகப் பந்துகளைப் பிடிக்காமல் விட்டதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து குனிந்து, "கண்ணு மூடுதும்மா. மத்தியானத்துக்குள்ள சரியாகலன்னா உன்ன அவுட்ஃபீல்டுக்கு அனுப்பிடுவேன். தப்பா எடுத்துக்காத, ஓகேவா?" என்றாள். அவுட்ஃபீல்டு என்றால் மைதானத்தின் கடைசி, பந்து எப்போதாவதுதான் வரும். ஜெனி தலையை ஆட்டினாள். முகமூடிக்குள் அழுதாளோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை.

பிறகு அந்தக் கோச் ஒரு வாளி நிறையப் பந்து கொண்டுவந்தாள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, நீலம், பச்சை என்று ஒரு பெரிய பொட்டு வைத்திருந்தது. பந்து கைக்கு வருவதற்குள் பொட்டின் நிறத்தைக் கத்திச் சொல்ல வேண்டும், பிறகு பிடிக்க வேண்டும். பார்க்காமல் எப்படி நிறம் சொல்வது? பிள்ளைகள் "நீலம்!" "பச்சை!" என்று கத்த ஆரம்பித்ததும் கால்மேல் போட்டிருந்த கால் தானாக இறங்கிவிட்டது. ஏனென்றால் இந்த வித்தை எனக்குத் தெரியும். இதை என்னிடம் செய்தவள் எங்கள் எஸ்தர் அக்கா.

அப்போது சேலையூர்ப் பக்கம் மனை பிரித்து வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் அப்பா கொத்தனார். சுண்ணாம்பு தெறித்து ஒரு கண் கெட்டுப்போய் அவர் வீட்டோடு இருந்த அந்த வெயில் காலத்தில், அக்காவும் நானும் வேலைக்குப் போனோம். மாடிச் சுவர் எழும்பும்போது செங்கல்லைத் தலையில் சுமந்து ஏணி ஏறுவதைவிட எறிவதுதான் சீக்கிரம். கீழே நிற்கிறவர் காலை அகட்டி, கல்லை இரண்டு கையாலும் தொடைகளுக்கு நடுவே தாழ்த்தி, ஒரு வீச்சில் மேலே விடுவார். கல் சுழலாமல் படுத்த வாக்கில் ஏறி, சாரத்தின் உயரத்துக்கு வந்ததும் மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் கண் இமைக்கும் நேரம் அந்தரத்தில் நிற்கும். அந்த நேரத்தில் எடுத்துக்கொண்டால் கல் பூ மாதிரி; விட்டால் இரும்பு. கீழே எறிந்தவள் அக்கா, மேலே சாரத்தில் நின்று பிடித்தவன் நான். சைக்கிள் டியூபை வெட்டி உள்ளங்கையில் மாட்டிக்கொண்டிருப்பேன், என் கிளவுஸ் அதுதான். கீழே இருப்பவர் "ஹோய்" என்றால் மேலே இருப்பவர் "ஹோய்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் வராமல் கல்லை விடக் கூடாது. அந்த வட்டாரத்தில் என்னைப் போலப் பிடிக்கிற பையன் கிடையாது என்று மேஸ்திரியே சொல்வார். அப்போதே நான் அப்படித்தான்.

செங்கல்லைக் கட்டுமுன் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். காய்ந்த கல்லை மேலே ஏற்றி, மேலே டிரம்மில் ஊறவைப்பதுதான் வழக்கம். அந்தக் கோடையில் கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது, மாடிக்குத் தண்ணீர் தூக்க ஆளில்லை. அதனால் கீழேயே ஊறவைத்து எறியச் சொல்லிவிட்டார் மேஸ்திரி. ஈரக் கல் கனம் கூடுதல், ரப்பரில் நிற்கவும் நிற்காது. ஒன்று வழுக்கிவந்து என் காறை எலும்பில் இறங்கியது. சாரத்துக் கழியைக் கட்டிப் பிடித்துக்கொண்டதால் இன்றைக்கு இதை எழுதுகிறேன்.

வீக்கம் வடிந்து மறுபடி ஏறினேன். கல் வந்தால் கண் மூடியது. "கண்ணத் தொறடா, கல்லு இன்னா கடிக்கவா போவுது?" என்று மேஸ்திரி கத்திப் பார்த்தார். கடைசியில் அக்காவிடம், "உன் தம்பி வேலைக்கு ஆவ மாட்டான்மா. மண்ணு சலிக்கட்டும், மேல வேற ஆள நிக்க வெக்கிறேன்" என்றார். எனக்கு வேலை போகிறதே என்றுகூட இல்லை; அக்காவுக்கு எதிரே நிற்கிற இடம் போகிறதே என்றுதான் இருந்தது. நாள் முழுக்க அவள் "ஹோய்" சொல்ல நான் "ஹோய்" சொல்ல, அதைவிட நல்ல இடம் எனக்கு இந்த உலகத்தில் அப்போது இல்லை.

அக்கா மேஸ்திரியிடம், "இன்னைக்கு ஒரு பொழுது உடுங்கண்ணா" என்று கேட்டுக்கொண்டு ஒரு கல்லை எடுத்தாள்.

"டேய், உனுக்குப் பொண்ணு பாத்துக்கீறேன்! இந்தா வர்றா ஆலந்தூர்க்காரி. எப்பிடி கீறா சொல்லு!"

அதிகம் வெந்து கறுத்துப்போன கல். பார்த்தேன். "கறுப்பா கீறா!"

"வோணுமா?"

"வோணாம்!"

"அட, கட்டிக்கினு வோணாம்ன்றான் பாரு!" என்றாள். கல் என் கையில் இருந்தது. சித்தாள்கள் சிரித்த சிரிப்பில் கலவை போடுகிற ஆள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

பிறகு மூலை உடைந்த பல்லாவரத்துக்காரி, சரியாக வேகாமல் வெளுத்த வண்டலூர்க்காரி, முதுகு வளைந்த கூடுவாஞ்சேரிக்காரி என்று ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு ஊர் வைத்து மேலே அனுப்பினாள். எனக்குப் பெண் பார்க்கிற மும்முரம். கண்ணை மூட நேரம் ஏது? பொழுது சாய்வதற்குள், எத்தனை பேரைக் கட்டிக்கொண்டேனோ, சாரமே நிறைந்துவிட்டது. மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்து உதறிக்கொண்டு, "அக்காளும் தம்பியும் அங்கியே நில்லுங்க" என்றார்.

அந்த வீடு முடிந்த கையோடு அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்கு அந்தமானில் தச்சு வேலை. வழியனுப்ப மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போனோம். அவள் கப்பலின் மேல்தட்டில் நின்றாள், நான் கீழே நின்றேன். வெளிச்சம் அவளுக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை, உருவம்தான் தெரிந்தது. அந்த உருவம் இரண்டு கையையும் சேர்த்து, கல் பிடிக்கிற மாதிரி, கம்பிக்கு வெளியே நீட்டியது. நான் "ஹோய்" என்று கத்தினேன். கப்பல் சங்கு ஊதியது. அவள் காதில் விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அங்கே போய் இரண்டாவது மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துவிட்டாள். ஒரு போட்டோகூட இல்லை.

மைதானத்தில் எறிவதற்கு ஆள் போதவில்லை. கோச் என் பக்கம் திரும்பி, "தாத்தா, ஜெனிக்கு நீங்க போடுறீங்களா? கீழ்க் கையால, மெதுவா" என்றாள். எழுந்து போனேன். நான் காலமெல்லாம் பிடித்தவனே தவிர யாருக்கும் எறிந்தவன் இல்லை என்பது பந்தைக் கையில் வாங்கிய பிறகுதான் உறைத்தது. முதல் பந்து ஜெனி தலைக்கு மேலே பறந்து வேலியில் போய் விழுந்தது. "தாத்தா, மானத்த வாங்காத" என்றது முகமூடி.

காலை அகட்டி நின்றேன். இரண்டு கையாலும் பந்தைத் தொடைகளுக்கு நடுவே தாழ்த்தினேன். நான் நினைத்துச் சொல்லவில்லை, வாயிலிருந்து அதுவாக வந்தது: "ஹோய்! இந்தா வர்றா பல்லாவரத்துக்காரி, எப்பிடி கீறா சொல்லு!"

"நீலம்! எனக்கு எதுக்கு தாத்தா பொண்ணு? மாப்பிள்ளைய போடு!"

"டொப்."

"இந்தா, குரோம்பேட்டை மாப்ள!"

"சிவப்பு! வேணாம்!"

"டொப்."

"கட்டிக்கினு வோணாம்ன்றா பாரு!" என்றேன். வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் கைதட்டிச் சிரித்தார்கள், "ஏய், எனக்கு ஒரு வேளச்சேரி மாப்பிள்ளை!" என்று ஒருத்தி கையைத் தூக்கினாள். ஜெனியின் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்த கோச் நிமிர்ந்து, "கண்ணு தொறந்தே இருக்கு. மாஸ்க்கைக் கழட்டாத ஜெனி, மத்தியானம் மேட்ச்ல நீதான் உக்கார்ற" என்றாள். மத்தியானம் அவள்தான் உட்கார்ந்தாள், மாவட்டத் தேர்வுக்கு அவள் பெயரைத்தான் சொன்னார்கள்.

நான் அந்தப் பந்துகளை எறிந்தபோது எனக்கு ஜெனியின் முகம் தெரியவில்லை. கம்பி முகமூடிக்குள் இருட்டு, குரல் மட்டும் வெளியே வந்தது. அந்தக் குரல் வந்த பிறகுதான் அடுத்த பந்தைத் தூக்க எனக்குக் கை வந்தது. அப்போதுதான் எங்கள் அக்கா நின்ற இடம் எனக்குப் புரிந்தது. உச்சி வெயிலில் அண்ணாந்து பார்த்தவளுக்கு சாரத்தில் நின்ற என் முகம் தெரிந்திருக்காது. என் காறை எலும்பில் இறங்கிய கல் அவள் கையிலிருந்து கிளம்பிய கல். அதற்குப் பிறகும் எறிய வேண்டியவள் அவள்தானே? எனக்காகத்தான் அத்தனை பெண் பார்த்தாள் என்று இத்தனை வருஷமும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கும் என் குரல் வேண்டியிருந்திருக்கிறது.

திரும்பி வரும் வழியில், கேம்ப் ரோடு சிக்னலில் வண்டி நின்றது. பக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறப் பெரிய கற்கள் லிஃப்ட் கூண்டில் அடுக்கி மேலே போய்க்கொண்டிருந்தன. யாரும் எறியவில்லை, யாரும் பிடிக்கவில்லை, காதில் ஒயர் மாட்டிய ஒரு ஆள் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். நல்லதுதான், யார் எலும்பும் உடையாது. ஆனால் அத்தனை பெரிய கட்டடத்தில் ஒரு மனிதக் குரல் கேட்கவில்லை. மேலே விளிம்பில் யாரோ நின்றார்கள். வெயில் பின்னால் இருந்ததால் ஆணா பெண்ணா தெரியவில்லை.

கண்ணாடியை இறக்கி, "ஹோய்" என்றேன். சத்தமாக இல்லை, எனக்குக் கேட்கிற அளவுக்குத்தான்.

பக்கத்து சீட்டில் தோல் கையுறையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போயிருந்த ஜெனி, கண்ணைத் திறக்காமலே, "நீலம்" என்றாள்.